ரோபோ பால் கறவை என்றால் என்ன? குடும்பப் பண்ணை அதற்கு மாறினால் என்ன ஆகும்?

கொட்டகையில் நிற்கும் இயந்திரப் பெட்டிக்குள் மாடு தானாக நுழைந்து, ஆள் தொடாமலே பால் கொடுத்துவிட்டுப் போவதுதான் ரோபோ கறவை. 1992-இல் நெதர்லாந்துப் பண்ணைகளில் தொடங்கியது. ஒரு பெட்டி ஏறக்குறைய 60 மாடுகளுக்குப் போதும்.

மடி கனத்ததால் மாடு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வருவது உள்ளே விழும் அடர்தீவனத்துக்காக (தானியம், பிண்ணாக்கு போன்றவை கலந்த சத்துத் தீவனம்). கழுத்துப் பட்டையை வைத்து ரோபோ மாட்டை அடையாளம் காணும். கறக்கும் நேரம் ஆகவில்லை என்றால் தீவனம் போடாமல் வெளியே அனுப்பிவிடும். பிரஷ் காம்பைத் துடைக்கும், லேசர் காம்பைத் தேடும், பால் உறிஞ்சும் குவளைகள் காம்புகளில் ஒவ்வொன்றாக ஏறும். பால் நின்ற காம்பின் குவளை மட்டும் முதலில் கழன்றுகொள்ளும். ஆள் நேரம் குறித்துக் கறப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், மணியடித்துச் சாப்பாடு போடும் விடுதிக்கும் பசித்தபோது நுழையும் ஹோட்டலுக்கும் உள்ளதைப் போன்றது.

சறுக்குவது பெரும்பாலும் தீவனத்தில்தான். தொட்டியிலேயே சத்து மிகுந்த தீவனம் கிடைத்தால் மாடு பெட்டிப் பக்கம் திரும்பாது. குளம்பு வலித்தாலும் வராது. முன்கூட்டியே குளம்பைச் சீவிவிடுங்கள். மடி முடியையும் கத்தரியுங்கள், அது லேசரை மறைக்கும். பின்காம்புகள் ஒட்டியிருந்தால் ரோபோவால் குவளை மாட்ட முடியாமல் போகும், அப்படிப்பட்ட நல்ல கறவை மாட்டைக்கூட விற்க வேண்டிவரலாம்; மனம் வலிக்கும் இடம் இதுதான். முதல் சில வாரங்கள் இரவிலும் மாடுகளை ஓட்டிவர ஆள் வேண்டும்.

ரோபோ வந்தால் வேலையே இல்லை என்பது தவறு: கறக்கும் வேலை போகும், வராத மாட்டைத் தேடுவதும், மடிநோய் அறிகுறியைத் திரையில் பார்ப்பதும், நடுராத்திரி அலாரத்துக்கு எழுவதும் வரும்.