காலில் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள்: கேட்டவர்களுக்கு என் பதில்

27 வருஷம் சத்திரசிகிச்சை விடுதியிலும் கிளினிக்கிலும் தாதியாக நின்றவள் நான். நின்றவள் என்பதைக் கவனியுங்கள். அதற்குக் கூலியாக என் வலது முழங்காலுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு வலை பின்னியிருக்கிறது. திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். மருந்து எழுதித் தரக் கேட்காதீர்கள், அது டொக்டரின் வேலை.

நிலாவெளி, ஆசிரியை, 38 வயது: தொடையில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள். வலி இல்லை. நரம்புத் தளர்ச்சியா மிஸ்ஸி?

நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தங்கச்சி. நம் ஊரில் தோலுக்குக் கீழே நீலமாகத் தெரிவதையெல்லாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம், ஆனால் இது நாளம், அதாவது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் போகிற வழி. காலில் இருந்து இரத்தம் மேலே ஏறவேண்டும், பூமியோ கீழே இழுக்கிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் சுருங்கி அதை மேலே தள்ளுகிறது, நாளத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் திரும்பி விழாமல் பிடிக்கின்றன. அசையாமல் நின்றால் பம்பு நின்றுபோகும், இரத்தம் தேங்கும், தோலோடு ஒட்டிய மெல்லிய நாளங்கள் விரிந்து வெளியே தெரியும். 1 மில்லிமீற்றருக்கும் குறைவான கோடு என்றால் சிலந்தி நாளம். 3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடித்து, மண்புழு மாதிரிப் புடைத்தால் அதுதான் வெரிகோஸ். விரலால் அழுத்திப் பாருங்கள்: கோடு மறைந்து, விரலை எடுத்ததும் மெல்லத் திரும்பி வரும். உங்களுடையது அப்படித்தான் இருக்கும். ஆபத்தில்லை, அழகுப் பிரச்சினைதான்.

கரும்பலகையில் எழுதும்போது குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டுக்குப் போனதும் பதினைந்து நிமிஷம் காலை நெஞ்சுக்கு மேலே இருக்கிற மாதிரிச் சுவரில் சாய்த்துப் படுங்கள். வந்த கோடு இதனால் அழியாது, ஆனால் காலின் பாரம் குறையும்.

பாலையூற்று: அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் இருந்தது. எனக்கும் வருமா?

வாய்ப்பு அதிகம். பரம்பரைதான் இதில் பெரிய காரணம். நிறை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடவுங்கள்.

சாம்பல்தீவு: 7 மாதக் கர்ப்பம். திடீரென்று இரண்டு காலிலும் வந்துவிட்டது. ஊசி போடலாமா?

இப்போது வேண்டாம், பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம். ஹோர்மோனும் கூடிய இரத்தமும் சேர்ந்து செய்கிற வேலை இது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் நிறையப் பேருக்குத் தானாகவே மங்கிவிடும். இடப்பக்கம் சரிந்து படுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் மட்டும் உடனே காட்டுங்கள், கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

தம்பலகாமம்: மனைவி இரவில் நல்லெண்ணெய் போட்டு நன்றாக உருவி விடுகிறாள். குறையுமா?

உருவ வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காமல் சொல்வேன், உருவ வேண்டாம். எண்ணெய் பூசி மெதுவாகத் தடவினால் தோலுக்கு நல்லது, அவ்வளவுதான். புடைத்த நாளத்தை அழுத்தி உருவினால் அது காயப்படும். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

உப்புவெளி: என்ன கிறீம் பூசினால் மறையும்?

எந்தக் கிறீமும் மறைக்காது.

சீனக்குடாவில் இருந்து ஒரு அண்ணா: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் நாளங்கள் சுருங்கும். என் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கால்வலி போய்விட்டது. நீங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை?

அண்ணா, சூடு நாளத்தைச் சுருக்காது, விரிக்கும். அம்மாவுக்குச் சுகமாக இருந்தது உண்மைதான், இறுகிய தசை வெந்நீரில் இளகும். நாளத்தின் கதை வேறு.

அதற்கு இவர் எழுதினார்: "ஏழு கிணறும் ஏழு சூடு, அதில் மருந்துக் குணம் இருக்கிறது, இராவணன் சும்மா ஊன்றவில்லை." இராவணன் தாயின் அந்தியேட்டிக் கிரியைக்காக நிலத்தில் ஊன்றித் தண்ணீர் வரவைத்தான் என்பதுதான் கதை அண்ணா, தாயின் கால்வலிக்கு இல்லை. அதற்குள் மூதூர்த் தம்பி ஒருவர் நடுவில் புகுந்து "அப்படியென்றால் வெந்நீரே ஆகாதா?" என்று கேட்க, பாலையூற்று அக்கா "எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை" என்று சண்டைக்கு வர, நேற்றிரவு முழுக்க இதுதான் ஓடியது.

சரி, நிதானமாகச் சொல்கிறேன். கன்னியாவில் நாம் தண்ணீரில் ஊறிக் கிடப்பதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு வருகிறோம், பத்து நிமிஷம். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, போய்வாருங்கள். வீட்டில் வாளி நிறையச் சுடுதண்ணீர் வைத்து அரைமணி நேரம் காலை ஊறப்போடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது இரட்டை ஆபத்து, சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும்.

தண்ணீர் வைத்தியம்தான் வேண்டும் என்றால் கடலுக்குப் போங்கள். நான் கண்டுபிடித்தது இல்லை, கணக்குப் பாருங்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் தண்ணீர் ஏறக்குறைய 74 மில்லிமீற்றர் பாதரச அளவுக்கு அழுத்தும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கணுக்காலில் 60க்கு மேல் வரும், மேலே போகப் போகக் குறையும். காலை இறுக்கிப் பிடிப்பதற்கென்று காசு கொடுத்து வாங்குகிற ஸ்டொக்கிங்கும் இதே மாதிரிக் கணுக்காலில் கூட, மேலே குறைய, 20 முதல் 30 வரைதான் அழுத்துகிறது. ஆகவே இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் நடந்தால், நடக்கிற நேரம்வரை, கெண்டைக்கால் பம்பும் வெளி அழுத்தமும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், கடல் குளம் மாதிரிக் கிடக்கும்போது மட்டும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இறங்கிவிட்டு என்னைத் திட்டவேண்டாம்.

நகரம், சேலைக்கடையில் வேலை: ஸ்டொக்கிங் வாங்கினேன். வெயிலில் போடவே முடியவில்லை.

விடியக்காலையில் கட்டிலை விட்டு இறங்கமுன் போடுங்கள். பத்து மணிக்குக் கால் வீங்கிய பிறகு இழுத்தால் யாருக்கும் ஏறாது. உள்பக்கம் வெளியே வரும்படி குதிவரை புரட்டி, பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். மேல்விளிம்பை மடித்து விடாதீர்கள், மடித்த இடம் கயிறு கட்டின மாதிரி இறுக்கும். முழங்கால்வரை உள்ளது போதும். நீரிழிவோ, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிற வருத்தமோ இருந்தால் காலின் நாடித்துடிப்பை டொக்டரிடம் காட்டிப் பார்த்த பிறகே போடவேண்டும்.

மட்டிக்களி: ஊசி போட்டு மறைக்கலாமாமே?

ஆம். இதற்கென்று உள்ள மருந்தை, பொலிடொக்கனோல் போன்றதை, மயிரிழை போன்ற ஊசியால் கோட்டுக்குள்ளேயே செலுத்துவார்கள். நாளத்தின் உட்சுவர் புண்பட்டு ஒட்டிக்கொள்ளும், உடம்பு அதை மெல்லக் கரைக்கும். ஒரே நாளில் மறையாது, சில வாரம் எடுக்கும், இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரும். நம் மாதிரி மாநிறத் தோலில் மண்ணிறத் தழும்பு மாதக்கணக்கில் தங்கலாம், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லேசர் என்றால் நம் தோலுக்கு 1064 நனோமீற்றர் வகைதான் பாதுகாப்புக் கூடியது. முழங்காலுக்குப் பக்கத்தில் புடைத்த நாளமும் இருந்தால் முதலில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற டொப்ளர் ஸ்கேன் செய்யவேண்டும். மேலே குழாய் கசிய, கீழே நிலத்தைத் துடைத்துப் பயன் இல்லை.

அப்புறம், அழகுநிலையத்தில் ஊசி போடாதீர்கள். மருந்து வெளியே கசிந்து புண் வைத்த ஒரு கணுக்காலுக்கு மூன்று மாதம் நானே மருந்து கட்டியிருக்கிறேன்.

ஓர்ஸ் ஹில்: கால்மேல் கால் போட்டால் வருமா?

அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. போடுங்கள்.

கிண்ணியா: வாப்பாவுக்குக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, சொறிந்து, இப்போது நீர் கசிகிறது. கிறீம் சொல்லுங்கள்.

இது சிலந்தி நாளமே இல்லை, நாளப் புண். கிறீமை விடுங்கள், இந்த வாரமே சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சீனி அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

உவர்மலை: கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தேன். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிக்கிறது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உருவக் கூடாது. மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சல்லி: குளிக்கும்போது கணுக்கால் கோட்டில் இருந்து இரத்தம் பீறிட்டது. பயந்துவிட்டோம்.

படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் விடாமல் பத்து நிமிஷம் அழுத்துங்கள். கயிறு கட்டவேண்டாம். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி, நின்றாலும் அடுத்த நாள் காட்டுங்கள், அந்த இடம் திரும்பவும் பீறிடலாம்.

இன்னும் நாலு பேர்: நல்ல கிறீம் ஒன்று?

மேலே வாசியுங்கள்.

சீனக்குடா அண்ணா, மறுபடியும்: சரி, அம்மாவை ஜூனில் கடலுக்குக் கூட்டிப்போகிறேன். ஸ்டொக்கிங்கோடு இறக்கலாமா?

வேண்டாம் அண்ணா. ஈர ஸ்டொக்கிங்கைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும்.