வாங்கும்முன் கேளுங்கள்: கர்னல் மாறியதும் ஊமையான பிரிண்டர்கள்

இந்த முறை தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய பேரலல் போர்ட் (யூஎஸ்பிக்கு முன் பிரிண்டரை மாட்டிய அகலமான செருகுமிடம்) பிரிண்டர்களைப் பற்றியவை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸின் மையப் பகுதிக்குத்தான் கர்னல் என்று பெயர்; அப்டேட் போடும்போது அதுவும் மாறும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த், கோயில் கணக்காளர்: அர்ச்சனை ரசீது, நன்கொடை ரசீது எல்லாம் எப்சன் எல்எக்ஸ்-300 டாட் மேட்ரிக்ஸில்தான் அடிக்கிறோம், கார்பன் நகல் வேண்டும் என்பதால். கணினியில் லினக்ஸ். அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து ஒரு வரிகூட அச்சாகவில்லை. மதர்போர்டில் போர்ட் செத்துவிட்டது என்று டெக்னீஷியன் சொல்கிறார். புதுக் கணினிக்கும் புது பிரிண்டருக்கும் 11,000 ரேண்ட் கொட்டேஷன் தந்திருக்கிறார். காவடி வருகிறது, என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். அப்டேட்டுக்கு முந்தின நாள் வரை ரசீது அடித்த போர்ட் அப்டேட் முடிந்த கையோடு செத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அதை அவர்தான் காட்ட வேண்டும். கோயில் காசு அது, ஊர்க்காரர்கள் கொடுத்த காசு.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. முதலில் பிரிண்டரையும் கணினியையும் அணைத்துவிட்டு கேபிளைக் கழற்றுங்கள். பேரலல் கேபிளை யூஎஸ்பி மாதிரி ஓடும்போது பிடுங்கினால் போர்ட் உண்மையிலேயே போய்விடக்கூடும். அப்புறம் எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பிரிண்டரை ஆன் செய்யுங்கள். கணினியின் உதவி இல்லாமலே எழுத்து வரிசைகளை அது அடிக்கத் தொடங்கினால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. மறுபடி எல்லாவற்றையும் அணைத்து கேபிளை மாட்டி, கணினியைப் போடும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் க்ரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் பழைய கர்னலும் இருக்கும். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் முந்தைய கர்னலை உடனே அழித்துவிடுவதில்லை. அதில் நுழைந்து ஒரு ரசீது அடியுங்கள். வந்துவிட்டால் போர்ட்டும் சரி, கேபிளும் சரி, டெக்னீஷியன் சொன்னதுதான் சரியில்லை. காவடி முடியும்வரை பழைய கர்னலிலேயே வேலையை ஓட்டலாம்.

புதுக் கர்னலைச் சரிசெய்ய நிதானமாக உட்காருங்கள். யூஎஸ்பி சாதனம் மாட்டியதுமே 'நான் வந்திருக்கிறேன்' என்று கணினிக்குத் தெரிவிக்கும். பழைய பேரலல் பிரிண்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பார்போர்ட், பார்போர்ட்_பிசி, எல்பி என்ற மூன்று மாட்யூல்களும் (கர்னலோடு சேர்ந்து ஏறும் சின்ன டிரைவர் துண்டுகள்) ஏறியிருந்தால்தான் டெவ் அடைவில் எல்பி0 என்ற கோப்பு உருவாகும். அந்த வாசல் வழியாகத்தான் அச்சு வெளியே போகிறது. 'எல்எஸ்மாட்' அடித்துப் பாருங்கள். எல்பி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் 'சூடோ மாட்ப்ரோப் எல்பி', 'சூடோ மாட்ப்ரோப் பார்போர்ட்_பிசி' என்று கையால் ஏற்றுங்கள். ஏறியதற்கு அடையாளமாக 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளை காட்டும் கர்னல் பதிவில் பார்போர்ட்0 என்ற வரி 378 என்ற முகவரியோடு (கணினி அந்த போர்ட்டை அணுகும் எண்) வரும். பிறகு எல்பி0 அதைப் பயன்படுத்துவதாக இன்னொரு வரி வரும். இரண்டும் வந்து, ரசீதும் அச்சானால், மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் ஒரு கோப்பு உண்டாக்கி அந்த மாட்யூல் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் தானே ஏறும்.

மாட்யூலே கிடைக்கவில்லை என்று மாட்ப்ரோப் சொன்னால், அப்டேட்டுக்குப் பிறகு ரீஸ்டார்ட் ஆனதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில லினக்ஸ்களில் கர்னல் மாட்யூல்கள் இரண்டு மூன்று பேக்கேஜ்களாகப் பிரிந்து வரும். அதில் கூடுதல் பேக்கேஜ் ஏறாமல் விட்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.

மாட்யூல் ஏறியும் அச்சு வரவில்லையா? பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 திறந்து, லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸின் பக்கத்தில் உங்கள் பிரிண்டரைப் பாருங்கள். முதல் ரசீது தோற்றதுமே கப்ஸ் அந்த பிரிண்டரை நிறுத்தி வைத்திருக்கலாம். அப்படியானால் 'ரெஸ்யூம்' அழுத்தும்வரை வரிசையில் நிற்கும் ரசீதுகள் நகராது.

பழைய கர்னலிலும் அச்சாகாவிட்டால்கூடப் போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் கணினியில் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் வேறு கோளாறுகள் வெளியே தெரியும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற சின்ன வட்ட பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோய், லோட்ஷெடிங்கில் மின்சாரமும் போனால் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். பேரலல் போர்ட் 'டிஸேபிள்ட்' என்று மாறிக் கிடக்கலாம். பேட்டரியை மாற்றி, போர்ட்டை எனேபிள் செய்து, முகவரி 378, ஐஆர்க்யூ 7 என்று வையுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் அச்சு வராவிட்டால் அந்தக் கொட்டேஷனைப் பேசலாம்.

பீனிக்ஸ்: பக்கத்துத் தெருக்காரரிடம் பழைய லேசர் பிரிண்டர் 600 ரேண்டுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காகிதத்தை இழுக்கவே இல்லை. நுகர்வோர் சட்டப்படி திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முடியாது. தொழிலாக விற்பவருக்குத்தான் அந்தச் சட்டம். வீட்டுச் சாமானை ஒருமுறை விற்கிற தனி ஆளுக்கு இல்லை. அவர் வீட்டிலேயே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு எடுத்திருக்க வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தையல் கடை: எங்கள் எம்பிராய்டரி மெஷினின் சாஃப்ட்வேருக்கு பேரலல் போர்ட்டில் செருகும் சாவி ஒன்று உண்டு, அது இல்லாமல் சாஃப்ட்வேர் ஓடாது. புது லேப்டாப்பில் அந்த போர்ட் இல்லை. கடையில் போய் விஷயத்தைச் சொன்னேன். 'இதை மாட்டினால் எல்லாம் ஓடும்' என்று யூஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். சாவியைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் சுவரில் மாட்டிய பலகையைக் காட்டுகிறார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. என்ன வேலைக்கு என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஓடாது என்பதை அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கேபிளுக்குள் இருப்பது பேரலல் போர்ட்டே இல்லை. கணினிக்கு அது ஒரு யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும். லினக்ஸில் யூஎஸ்பிஎல்பி என்ற வேறு மாட்யூல் அதைப் பிடித்துக்கொள்ளும். 378 என்ற முகவரி எங்கேயும் இருக்காது. பல பிரிண்டர்களை அது ஓட்டும். ஆனால் சாவி, வெட்டும் மெஷின், சோதனைக் கருவி என்று அந்த முகவரியில் நேராகப் பேசுகிற எதற்கும் உதவாது. என் மேசை இழுப்பறையிலும் ஒன்று கிடக்கிறது. அட்டையில் லினக்ஸின் சின்னமான பென்குவின் படம், 'எல்லா பேரலல் சாதனங்களுக்கும்' என்று தடித்த எழுத்து. பழைய லேபிள் கட்டருக்காக வாங்கினேன், ஒரு நாளும் ஓடவில்லை. விற்ற கடைக்காரர் அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பலகையைப் பற்றி நான் பலமுறை எழுதியாகிவிட்டது, இன்னமும் எழுதுவேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55ஆம் பிரிவின்படி, என்ன வேலைக்குப் பொருள் வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்து, அந்தப் பொருளை வழக்கமாக விற்கிற கடைக்காரர் அதைக் கொடுத்தால், அது அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் 20ஆம் பிரிவின்படி, கைக்கு வந்து பத்து வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். பொருளே பழுதானது என்றால் 56ஆம் பிரிவு ஆறு மாதம் தருகிறது. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணம் வாங்குவதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் இல்லை. 'ஹேண்ட்லிங் ஃபீ' என்று அதில் பிடிக்கவும் கூடாது. சுவரில் ஒரு பலகையை மாட்டி இந்த உரிமைகளைப் பறிக்க எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை. அந்தப் பலகையைப் பார்த்ததும் தலைகுனிந்து திரும்பி வருகிறார்கள் நம் ஆட்கள், முக்கியமாகப் பெரியவர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னதைக் கடைக்காரர் மறுத்தால் என்ன செய்வீர்கள்? பணம் கொடுக்கும்முன் பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: 'லினக்ஸ் கணினியில் இன்ன மாடல் பிரிண்டருக்கு', 'எம்பிராய்டரி சாஃப்ட்வேர் சாவிக்கு'. எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். பத்தாயிரம் ரேண்டுக்குப் பொருள் வாங்கிவிட்டு, பில்லில் 'கேபிள், ஒன்று' என்று மட்டும் எழுதியிருப்பதை எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு நான் எந்த வழியைக் காட்டுவது?

உங்கள் விஷயத்தில் பத்து வேலை நாள் ஆகியிருக்காது என்று நம்புகிறேன். இன்றே எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போங்கள். உங்களுக்குக் கட்டணம் இல்லை.

வெருலம்: புதுக் கணினிக்கு ஆன்லைனில், கணினிக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு வாங்கினேன். போன சனிக்கிழமை வந்தது. சில வரிகள் அடித்துவிட்டு நின்று நின்று போகிறது. விற்றவர் சிடியில் கொடுத்த டிரைவர் புதுக் கர்னலில் கம்பைல் ஆகவே மறுக்கிறது.

பதில்: சிடியை மறந்துவிடுங்கள். பழைய கர்னலுக்காக எழுதி அப்படியே விட்டுவிட்ட டிரைவர், அப்டேட் வரும்போதெல்லாம் இப்படித்தான் படுத்தும். பெரும்பாலான கார்டுகளுக்கு கர்னலுக்குள் இருக்கும் பார்போர்ட்_பிசியே போதும்.

நின்று நின்று அடிப்பதற்கு இன்டரப்ட், அதாவது 'என்னைக் கவனி' என்று சாதனம் கணினியைக் கூப்பிடும் குறிப்பு, காரணமாக இருக்கலாம். கார்டு தன் இன்டரப்ட்டை வேறு சாதனத்தோடு பகிர்ந்துகொண்டு தடுமாறுகிறது. 'எல்எஸ்பிசிஐ -வி' அடித்து கார்டின் ஐ/ஓ முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டில் அது 378 ஆக இருக்காது. மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பில், பார்போர்ட்_பிசிக்கு ஐஓ என்று அந்த முகவரியையும் ஐஆர்க்யூ=நன் என்றும் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இன்டரப்ட் இல்லாமல், கணினியே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளும் போலிங் முறையில் ஓடும். டாட் மேட்ரிக்ஸ் வேகத்துக்கு அது தாராளம்.

ஒன்றைக் கவனியுங்கள். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு போட்டிருந்தால், கர்னல் 5.4இல் வந்த லாக்டவுன் ஏற்பாடு இந்த ஐஓ அமைப்பை ஏற்காமல் தடுக்கும். 'டிஎம்இஎஸ்ஜி' பதிவில் லாக்டவுன் என்ற சொல் தெரிந்தால் அதுதான் காரணம்.

இரண்டு மாலை உட்கார்ந்தும் சரிவராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளை, கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்ப 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு, இடம் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. சனிக்கிழமை வந்தது என்கிறீர்கள், நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வாங்கினால் பின்பக்கத் தகட்டின் உயரத்தையும் கேளுங்கள். நான் வாங்கிய ஒரு கார்டு நன்றாகத்தான் ஓடியது, ஆனால் தகடு சின்னப் பெட்டிக்குள் அடங்கவில்லை. தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டியதாயிற்று. கனமான பேரலல் கேபிள் இழுத்து இழுத்து ஸ்லாட்டே ஆட்டம் கண்டுவிட்டது.

ஸ்டேங்கர், கடை நடத்தும் ஒரு அம்மா: கணவர் இறந்தபின் கடையை நான் பார்க்கிறேன். கணினி வைத்துக் கொடுத்தவர் லினக்ஸ் லைசென்ஸ் என்று வருஷம் 1,800 ரேண்ட் வாங்குகிறார். இந்த வருஷம் தர முடியவில்லை. கர்னல் அப்டேட் ஆனதும் பிரிண்டர் நின்றுவிட்டது. லைசென்ஸ் இல்லாததால்தான் என்கிறார்.

பதில்: அம்மா, பயப்படாதீர்கள், இனி ஒரு காசு கொடுக்காதீர்கள். லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருவது. அதற்கு ஆண்டுச் சந்தா என்று எதுவும் இல்லை. வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கி 2004இல் வெளிவந்த உபுண்டுவை இன்றும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வந்து வேலை பார்த்ததற்குக் கூலி கேட்டால் அது நியாயம். இல்லாத லைசென்ஸைச் சொல்லி வாங்குவது ஏமாற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பொய்யான விவரம் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. முன்கூட்டி மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் பெறாமல் பழுதுபார்த்துவிட்டுக் காசு கேட்பதையும் 15ஆம் பிரிவு தடுக்கிறது.

கொடுத்த பணத்துக்கு ரசீதோ வங்கிப் பதிவோ இருந்தால் எடுத்து வையுங்கள். எது லைசென்ஸ், எது கூலி என்று எழுதித் தரச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதன் நகலோடு ஆம்பட்ஸ்மனுக்குப் புகார் எழுதலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன். பிரிண்டர் நின்றதற்குக் காரணம் மேலே சாட்ஸ்வொர்த் பதிலில் இருக்கிறது. பள்ளியில் படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர்களே செய்துவிடுவார்கள்.

டோங்காட்: லோட்ஷெடிங்குக்காகக் கணினிக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரையும் மாட்டலாமா?

பதில்: கூடாது. மை உருக்கும் ஹீட்டர் சூடேறும்போது இழுக்கிற மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. டாட் மேட்ரிக்ஸ் என்றால் மாட்டலாம்.

லெனேசியா: இப்போது புதிதாக டாட் மேட்ரிக்ஸ் வாங்கினால் பேரலல் போர்ட் உள்ளதாகத் தேட வேண்டுமா? கணினி இன்னும் பழையதுதான்.

பதில்: எப்சன் எல்எக்ஸ்-350 மாதிரி யூஎஸ்பி, பேரலல் இரண்டும் உள்ளதை வாங்குங்கள். இன்றைக்கே யூஎஸ்பியில் மாட்டுங்கள். பேரலல் கேபிளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். பில்லில் அந்த ஒரு வரியை எழுதி வாங்குங்கள்.