காரும் பிசானமும்

அன்புள்ள அண்ணாச்சி,

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு வீட்டை வைத்து நாவல் எழுதிவந்தேன். மூன்று மாதம் சோறு தண்ணி நினைவில்லை. ஏழாம் அத்தியாயம் முடிந்த வாரம் நண்பர்களோடு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். அதோடு சரி, இப்போது பறவைகள்தான் எல்லாம். இதற்கு முன்னால் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, அதற்கும் முன்னால் செஸ். எல்லாமே மூன்று நான்கு மாதம்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு பாதிக் கதை மிச்சம். இந்த ஆர்வத்தை எப்படிப் பிடித்து வைப்பது?

ம., சேரன்மகாதேவி

அன்புள்ள தம்பி,

ஏழு அத்தியாயத்தையும் படித்தேன். ஆச்சி உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, இடித்து, கையில் எண்ணெய் தொட்டு உருட்டுகிறாள். மகன் பங்கு கேட்டு வந்து நிற்கிறான். அவள் நிமிராமல் உருண்டைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறாள். இதை எழுதிய ஆளுக்கு என்ன குறை?

ஆர்வத்தைப் பிடித்தெல்லாம் வைக்க முடியாது. எத்தனை நாள் நிற்கிறது என்று வேண்டுமானால் பார்த்துவைக்கலாம். உங்களுக்கு மூன்று மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து விவசாயி ஆனியில் தொடங்கும் கார் பருவத்துக்குக் குறுகிய நாள் நெல்லைத்தான் விதைப்பார். நீண்ட நாள் நெல் அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு. ஆனியில் பாபநாசம் அணைத் தண்ணீர் வந்துவிட்டதே என்று பிசான நெல்லைக் காரில் போட்டால் என்ன ஆகும்? நீங்கள் மூன்று மாத ஈரத்தில் நானூறு பக்கம் விதைக்கிறீர்கள். நூறு பக்கக் குறுநாவலாக்குங்கள், இல்லையென்றால் சிறுகதை.

புதுமைப்பித்தன் தொடங்கிய ஒரு நாவலை முடிக்காமலேதான் 1948இல், 42 வயதில் மறைந்தார். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, கடைசியில் சினிமா என்று அவரும் பல பக்கம் இழுபட்டவர். ஆனால் முடித்த சிறுகதைகள் நூறை ஒட்டி இருக்கின்றன. தன் கைக்கு அடங்குகிற அளவு அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், பிடிப்பு குறையத் தொடங்குவது உங்களுக்கே தெரியும். அன்றைக்கே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எது இன்னும் தெரியாது, எங்கே போய் முடிகிறது. முடிகிற காட்சியைச் சூட்டோடு முழுதாகவே எழுதி வைத்துவிடுவது இன்னும் நல்லது. ஆறு மாதம் கழித்து ஆர்வமில்லாத ஒரு ஆள் வந்து அந்த நோட்டைத் திறப்பார், அவரும் நீங்கள்தான். அவர் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம், நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பினால் போதும். திருத்துவதற்கு அந்த ஆள்தான் லாயக்கு. பித்தில் இருப்பவருக்குத் தான் எழுதிய ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வராது. ராத்திரியில் அரை மணி நேரம் அந்த ஆர்வமில்லாத ஆளை உட்கார வையுங்கள். பறவைகளும் அப்போது தூங்கிக்கொண்டுதானே இருக்கும்.

கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கும் ஒரு காலத்தில் சங்கீதப் பித்து இருந்தது, அப்புறம் விவசாயிகள் இயக்கம், சொல் சேகரிப்பு. சொல் சேகரிப்பு 1982இல் அகராதியாகவே வந்தது. அதனால் எல்லா ஆர்வமும் கடைசியில் எழுத்துக்குத்தான் வந்து சேரும் என்று சிலர் சொல்வார்கள். வரலாம். அதற்காக இப்போதே அப்பள வீட்டு முற்றத்தில் மஞ்சள்மூக்கு நாரையை இறக்கிவிடாதீர்கள். கூந்தன்குளத்தில் அது வீட்டு மரத்திலேயே கூடு கட்டுவதும் ஊரார் அதை விரட்டாமல் இருப்பதும் வேறு கதை, தனியாக எழுத வேண்டியது.

இந்த நாவலுக்கு இன்னும் மூன்று அத்தியாயம் போதும். நான்காம் அத்தியாயத்தில் வரும் பம்பாய் மாமாவை எடுத்துவிடுங்கள், அவரால் ஒரு காரியமும் நடக்கவில்லை. மகனுக்கு ஆச்சி என்ன பதில் சொல்கிறாள் என்பதை முதலில் எழுதுங்கள். அதை மட்டும் எழுதி அனுப்பினாலும் சரி, படிக்கிறேன்.