வாசகர் கேள்வி – பதில்: லேண்ட்லைனும் ஃபைபரும்

லேண்ட்லைன் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் புதுப்புது ஒயராக இழுத்துக்கொண்டே இருக்கிறார்களே, எதை நம்புவது?
– கும்பகோணம் வாசகர்

முடிந்துகொண்டிருப்பது தாமிரக் கம்பியின் காலம். இந்தியாவில் லேண்ட்லைன் உச்சத்தில் இருந்தது 2006 வாக்கில். ஏறக்குறைய 5 கோடி இணைப்புகள். செல்போன் மலிவானதும் சரியத் தொடங்கி, 2020 வாக்கில் 2 கோடிக்கு வந்து நின்றது. பிறகு மறுபடியும் ஏறி, 2024 முடிவில் 3.9 கோடியைத் தாண்டியது. ஏற்றிவிட்டது இன்டர்நெட். ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பு வாங்கினால் கூடவே ஒரு போன் நம்பரும் வருகிறது, அதுவும் கணக்கில் சேர்கிறது. பல வீடுகளில் மோடத்தின் பின்னால் போன் செருகும் துளை காலியாகவே கிடக்கிறது! எனவே ‘லேண்ட்லைன் மீண்டெழுந்தது’ என்று செய்தி வந்தால் போன் மணி அடிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஆகஸ்டில் ஜியோ இந்த எண்ணிக்கையில் பி.எஸ்.என்.எல்-ஐ முந்தி முதலிடத்துக்கு வந்ததும் ஃபைபரால்தான்.

ஃபைபர் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. கேபிள்காரர் ‘இதோ வருகிறேன்’ என்றே நாளை ஓட்டுகிறார். அவர் வருவதற்குள் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?
– திண்டுக்கல் வாசகர்

நிறையவே உண்டு. முதலில் ஒரு எச்சரிக்கை: ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்து ‘லைட் வருதா’ என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

விளக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, அல்லது போதவில்லை. ‘லாஸ்’ அணைந்திருந்து ‘பான்’ (PON) விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னினால், ஒளி வருகிறது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி உங்கள் மோடத்தைப் பதிவு செய்துகொள்ளவில்லை. இந்த இரண்டாவது வகைக்குக் கம்பத்தில் ஏறிப் பயனில்லை. மோடத்தின் சீரியல் நம்பரைச் சொல்லி அங்கே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பு என்றால் அடுத்து பக்கத்து வீட்டை விசாரியுங்கள். ஒரு ஃபைபரை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அதே கம்பெனியின் இணைப்பு உள்ள நாலைந்து வீடுகளிலும் போயிருந்தால் பழுது மெயின் கேபிளிலோ ஸ்பிளிட்டர் பெட்டியிலோ இருக்கிறது. உங்களுக்கு மட்டும் போயிருந்தால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மரக்கிளை வெட்டியது, அணில் கடித்தது, லாரி இழுத்தது, இவைதான் வழக்கமான காரணங்கள். வீட்டுக்குள் என்றால் மேஜை காலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிய பேட்ச் கார்டு (மோடத்தில் செருகும் சிறு ஃபைபர் ஒயர்). ஃபைபரைச் செங்கோணமாக மடக்கக் கூடாது. வளைவின் ஆரம் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை. மீதி ஒயரை ஆணியில் இறுக்கிச் சுற்றி வைப்பது நம் ஊரில் சகஜம். பாதிப் புகாருக்கு அந்த ஆணியே போதும்.

நெட் விட்டுவிட்டு வந்தால் அளவைப் பாருங்கள். பிரவுசரில் மோடத்தின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, அடித்து உள்ளே போனால் ‘ஆர்எக்ஸ் பவர்’ (RX Power) என்று மைனஸில் ஒரு எண் இருக்கும். மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் வலிமை அது. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். எக்ஸ்சேஞ்சில் ஒளி +3 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) என்று புறப்படுகிறது. எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றுக்குச் சுமார் 10.5 டெசிபல் போகும்; அடுத்தடுத்து இரண்டு இருந்தால் 21. மூன்று கிலோமீட்டர் ஃபைபருக்கு 1, ஜாயின்ட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் 2. கழித்தால் −21. ஆக −18 முதல் −24 வரை நல்ல அளவு. −27, −28 மோடம் தாங்கும் கடைசி எல்லை. அங்கே நின்றால் இன்று ஓடும், நாளை மழையில் நின்றுவிடும். இணைப்புக் கொடுத்த அன்றே இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். −20 என்று இருந்தது −26 ஆனால், வழியில் எங்கோ மடிப்போ அழுக்கோ புதிதாக வந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். அந்த எண்ணோடு புகார் கொடுத்தால் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்ற பதில் வராது.

கேபிள்காரர் வந்ததும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மோடத்துக்குப் பச்சை முனை என்றால் பச்சையே வேண்டும்; நீல முனை உள்ளே போகும், ஆனால் பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது என்பதால் இரண்டும் ஒட்டாமல் ஒளி வீணாகும். இரண்டாவது, அறுந்த இடத்தை அவசரத்துக்குக் கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டரால் இணைத்தால் கொஞ்ச நாளில் ஈரமும் தூசியும் ஏறித் தளரும். மெஷின் வைத்து உருக்கி ஒட்டச் சொல்லுங்கள். அதில் இழப்பு 0.1 டெசிபல்கூட இருக்காது.

லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேச முன்னால் பூஜ்யம் போட்டே ஆக வேண்டுமா?
– நாகர்கோவில் வாசகர்

ஆமாம், 2021 ஜனவரி 15 முதல். செல் நம்பர்களுக்குப் புது வரிசைகளை ஒதுக்க இடம் தேவைப்பட்டது. லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கும், செல்லிலிருந்து செல்லுக்கும் வழக்கம்போலத்தான்.

அப்பா காலத்துத் தாமிர லைன் இன்னும் இருக்கிறது. ஃபைபருக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? நம்பர் போய்விடுமா?
– மயிலாடுதுறை வாசகர்

இன்டர்நெட்டும் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். தாமிரத்தில் வரும் ஏடிஎஸ்எல் இன்டர்நெட் காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் தரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் அதுவும் இல்லை.

பேச மட்டும் என்றால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். தாமிர லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் வேலை செய்தது. ஃபைபரில் மோடத்துக்குக் கரன்ட் இல்லாவிட்டால் போனும் இல்லை. புயல் வரும் ஊர்க்காரர் நீங்கள். மோடத்துக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட் எவ்வளவு என்று பார்த்து (பெரும்பாலும் 12), அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பார். நம்பாதீர்கள்.

நம்பர் விஷயத்தில், அதே கம்பெனிக்குள் மாறினால் பழைய நம்பரையே ஃபைபரில் கேட்டு வாங்கலாம். விண்ணப்பத்தில் அதை எழுதிக் கொடுங்கள். புது இணைப்பு என்று பதிவானால் புது நம்பர்தான். வேறு கம்பெனிக்கு நம்பரோடு போகும் வசதி செல்லுக்கு மட்டுமே உண்டு, லேண்ட்லைனுக்கு இல்லை. லிஃப்ட்டின் அவசர போன், ஃபேக்ஸ், திருட்டு அலாரம் ஏதாவது பழைய லைனில் இருந்தால், புதியதில் அவற்றைச் சோதித்துப் பார்த்த பிறகு பழையதை ஒப்படையுங்கள்.

முன்பெல்லாம் லைன்மேன் பெயர் தெரியும், சைக்கிளில் வருவார். இப்போது யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். யாரிடம் முட்டுவது?
– விருதுநகர் வாசகர்

ஆள் குறைந்ததுதான் முதல் காரணம். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 பி.எஸ்.என்.எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். மொத்த ஆட்களில் பாதி. தெருவில் ஒயர் இழுப்பதையும் பராமரிப்பதையும் வருவாயில் பங்கு கொடுத்து உள்ளூர் பங்குதாரர்களிடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் பில் யார் பெயரில் வருகிறதோ அந்தக் கம்பெனிதான் உங்களுக்குப் பொறுப்பு.

ஆகவே கேபிள்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பியதோடு நிற்காதீர்கள். அது புகாராகவே பதிவாகாது. கம்பெனியின் புகார் எண்ணில் சொல்லி டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்கெட் நம்பர்கள் அங்கேயும் உதவும்.

எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வரை ஃபைபர் வந்து பெட்டியும் மாட்டிவிட்டார்கள். பாதி நாள் ஓடவில்லை, வீடுகளுக்கும் தரவில்லை. ஏன்?
– புதுக்கோட்டை மாவட்ட வாசகர்

இது பாரத்நெட் திட்டம். 2011-ல் வேறு பெயரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. திட்டம் உங்கள் ஆபீஸ் சுவரோடு முடிகிறது. அங்கிருந்து வீடுகளுக்கு ஒயர் இழுக்க ஒரு உள்ளூர் ஆபரேட்டர் முன்வர வேண்டும், அவருக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு வாடிக்கையாளர்கள் சேர வேண்டும்.

பாதி நாள் ஓடாததற்குப் பெரிய காரணம் அமைப்பு. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஒற்றை வழியாக வரும் கேபிளை ரோடு போடும் பொக்லைன் ஒரே இடத்தில் அறுத்தாலும் அதற்குப் பின்னால் உள்ள ஊராட்சிகள் அத்தனையும் போச்சு. இருபுறமிருந்தும் வழி உள்ள வளைய அமைப்பாக மாற்றத்தான் 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதற்கு முன், பெட்டிக்குக் கரன்ட் வருகிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போகும் ஊராட்சிகளில், எந்த கேபிளும் அறுபடாமலேயே மாலை ஐந்து மணிக்கு நெட் நின்றுவிடும்.