நேரமில்லை அக்கா, மூச்சு விடக்கூட! (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது, ஊர் வேறு, வயது வேறு, ஆனால் பெரும்பாலும் ஒரே பாரத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு மன அழுத்தம் பற்றி மட்டும் பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை, ஆலோசகர். மருந்து மாத்திரை பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. வீடு கடலூரில், வேலை புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவது. காலை 4.45க்கு எழுந்து சமைத்து, பையனைக் கிளப்பிவிட்டு 8 மணிக்கு பஸ் ஏறினால் திரும்ப இரவு 8 ஆகிவிடும். அப்புறம் வீட்டுப்பாடம், மாவு அரைப்பது, மறுநாளுக்குக் காய் நறுக்குவது. படுக்க 11 மணி. இப்போதெல்லாம் தொட்டதற்கெல்லாம் பையன் மேல் எரிந்து விழுகிறேன். போன வாரம் தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் மறந்துவிட்டு வந்தான் என்று கை நீட்டிவிட்டேன். அவன் தூங்கின பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். யோகா செய், தியானம் செய் என்கிறார்கள். எனக்கு ஏது நேரம்?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: தங்கச்சி, நானும் 9 வருடம் அதே பாதையில் பஸ்ஸில் போய் வந்தவள்தான். ஒரு கை கம்பியிலும் இன்னொரு கை சாப்பாட்டுப் பையிலுமாக நின்றுகொண்டே அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்த நாட்கள் எனக்கும் உண்டு. அதனால் உங்களிடம் விடியற்காலை தியானம் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். ஏற்கனவே 6 மணி நேரம்கூடத் தூங்கவில்லை, அதிலும் அரை மணியைப் பிடுங்கினால் இன்னும் எரிந்து விழத்தான் செய்வீர்கள்.

தெருவில் நாய் துரத்தினால் என்ன ஆகிறது? நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை கால் முறுக்கேறுகிறது, மூச்சு மேலே மேலே வாங்குகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் செய்கிற வேலை அது. நாய் போன பிறகு கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். நம் உடம்பு அப்படி ஏறி இறங்குவதற்காக அமைந்தது. உங்களுக்கு 4.45க்குத் துரத்த ஆரம்பிக்கிற நாய் இரவு 11 வரை நிற்பதே இல்லை. இடையில் இறங்கவே வழியில்லாமல் ஏறிக்கொண்டே போன உடம்புதான் ராத்திரி 8 மணிக்கு வாசலில் வந்து நிற்கிறது, அந்த நேரம் பார்த்து பாட்டில் காணோம் என்றால் கை நீளத்தான் செய்யும். நீங்கள் கெட்ட அம்மா என்பதால் இல்லை. ஆனால் அடி சரி என்றும் சொல்லமாட்டேன். இன்றைக்கே பையனிடம், “அம்மா அடிச்சது தப்புடா, மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிடுங்கள். ‘ஆனா நீயும்...’ என்று அதோடு எதையும் ஒட்டாதீர்கள்.

சரி, இடைவெளியை எங்கே கண்டுபிடிப்பது? பஸ்ஸில்தான். மாலையில் திரும்பும்போது நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம் வரும் இல்லையா, அங்கே போனைப் பைக்குள் போடுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். விடுகிற மூச்சு நீளமானால், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். நின்றுகொண்டே செய்யலாம், கண்ணை மூட வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. தவளக்குப்பம் வரை செய்தால் போதும். அப்புறம் கிருமாம்பாக்கம் வரை கடையையும் முதலாளியையும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் கணக்கு மூடியாச்சு. கேட்பதற்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் இடத்தோடு கட்டிப்போட்ட பழக்கம் நேரத்தோடு கட்டிய பழக்கத்தைவிட நிலைக்கும். பஸ் தாமதமானாலும் பாலம் அங்கேயேதான் இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் 10 நிமிடம் பாட்டில் எங்கே, டைரி எங்கே என்று எதையும் கேட்காதீர்கள். பையன் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அவனாகப் பேசட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை 3 முறை படித்தேன். அதில் வீட்டுக்காரர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் வெளியூரில் இருக்கிறாரா, உடன் இல்லையா, தெரியாது. வீட்டில்தான் இருக்கிறார் என்றால் “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று கேட்காதீர்கள், அது நாலு நாள்கூடத் தாங்காது. வீட்டுப்பாடமும் காய் நறுக்குவதும் இனி உங்களுடையது என்று வேலையையே கையில் கொடுங்கள். முதல் மாதம் வெண்டைக்காய் கோணல்மாணலாகத்தான் இருக்கும். திருத்தாமல் விடுங்கள். மாவைக் கடையில் வாங்கலாம், ஒரு வேளைக்கு ஒரு குழம்பு போதும், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால், சொல்கிறவர் அன்றைக்குச் சமைக்கட்டும். பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதை எடுத்துவைத்துவிட்டு மிச்ச நேரத்தில் எவ்வளவு வேலை அடங்குகிறதோ அவ்வளவுதான் ஒரு ஆளுக்கான வேலை.

கேள்வி: மேடம், 46 வயது இல்லத்தரசி. 4 மாதமாகக் காரணமே இல்லாமல் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை. நன்றாகச் சாப்பிட்டும் 5 கிலோ எடை குறைந்துவிட்டது. எல்லாம் டென்ஷன்தான், பாசிட்டிவாக நினை என்கிறார்கள். முயற்சி செய்கிறேன், முடியவில்லை.
— வில்லியனூர் வாசகி

பதில்: அம்மா, நினைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த வாரமே தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே தைராய்டு அதிகமாகச் சுரப்பதன் அடையாளம் போல இருக்கிறது. ரத்த சோகை, சர்க்கரை இரண்டையும் கூடவே பார்த்துவிடச் சொல்லுங்கள். பெண்கள் எது சொன்னாலும் ‘டென்ஷன்’ என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிற வழக்கம் எனக்குக் கோபத்தைத்தான் கொடுக்கிறது. உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு திரும்ப எழுதுங்கள், பேசுவோம்.

கேள்வி: சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நைட் முடித்து வந்தால் தூக்கம் வருவதில்லை. முழித்திருக்க ராத்திரி 4, 5 டீ. தூங்குவதற்காக இப்போது காலையில் கொஞ்சம் சரக்கு பழகிவிட்டது. மனைவியிடம் பேச்சே குறைந்துவிட்டது. வயது 29.
— கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: தம்பி, சரக்கு பற்றி மறைக்காமல் எழுதினீர்களே, அதனால் நானும் நேராகவே சொல்கிறேன். அது உங்களைத் தூங்கவைப்பதில்லை, மயங்கவைக்கிறது. முதல் 2, 3 மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் இருக்கும், அப்புறம் தூக்கம் துண்டு துண்டாக உடையும். எழுந்தால் களைப்பு, அதற்கு டீ, டீயால் தூக்கமின்மை, அதற்கு மறுபடி சரக்கு. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதாலேயே நம் பக்கத்தில் இந்தச் சுழலில் சிக்குகிற பையன்களை நான் நிறையப் பார்க்கிறேன். தினமும் குடிக்கிற அளவுக்குப் போயிருந்தால் சட்டென்று நீங்களாக நிறுத்த வேண்டாம், கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

டீக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டீயில் நம்மை முழித்திருக்கவைப்பது கஃபீன். உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் குடித்த டீயின் கஃபீனில் பாதி, நீங்கள் 9 மணிக்குப் பாயில் படுக்கும்போதும் உடம்பில் இருக்கிறது. ஷிப்டின் முதல் பாதியில் 2 டீ குடியுங்கள், 2 மணிக்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் காலை வெயில் மூளையை எழுப்பிவிடாமல் இருக்கும். ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்குங்கள். மனைவியிடம் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று காலண்டரில் எழுதிவைத்து, எந்த ஷிப்டாக இருந்தாலும் ஒரு வேளையாவது இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவது என்று முடிவு செய்யுங்கள். பேச்சு அங்கிருந்து தானாக வரும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். படுத்தால் படிக்காத பாடமெல்லாம் வரிசையாக ஞாபகம் வருது அக்கா.
— லாஸ்பேட்டை மாணவி

பதில்: தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொள், செல்லம். படுப்பதற்கு முன் 5 நிமிடம், நாளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுது. முடித்ததை எழுதாதே, பாக்கியை மட்டும் எழுது. 2018இல் அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடப் பாக்கியை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கியிருக்கிறார்கள். போன் அந்த அறையிலேயே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு தென்பெண்ணைக் கரையில். 2011 தானே புயலில் ஓடு பறந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தோம், ஆற்று வெள்ளம் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. வானிலை வீடியோவாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூறல் விழுந்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வயது 58.
— கடலூர் வாசகி

பதில்: அக்கா, இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தானே 2011 டிசம்பர் 30 காலையில் நம் கரையில் ஏறியபோது பட்டது உங்களுக்குத் தெரியும். ஃபெஞ்சலும் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்று கொட்டியது, அதற்குப் பிறகுதான் சாத்தனூர் அணைத் தண்ணீர் திறந்து தென்பெண்ணை பொங்கியது. ‘முடிந்தது’ என்று நம்பிய பிறகு அடி விழுந்ததால்தான் உங்கள் உடம்பு இப்போது எதையும் முடிந்ததாக எடுத்துக்கொள்ள மறுக்கிறது. அது கோழைத்தனம் இல்லை, பட்ட அனுபவத்தின் பாடம். ஆனால் தூறலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே மணியை அடிக்கிறது, அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பயத்துக்குக் கையால் செய்கிற வேலை கொடுங்கள். புரட்டாசியிலேயே ரேஷன் கார்டு, பத்திரம், ஆதார், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் கட்டிப் பரண்மேல் வையுங்கள். வெள்ளம் வந்தால் யார் வீட்டு மாடிக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அப்புறம் வானிலையைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் மட்டும் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் அதிகம் பார்க்கலாம், ஆற்றில் தண்ணீர் திறக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். நடு ராத்திரியில் யாரோ கத்திக் கத்திப் பேசுகிற வீடியோ எதற்கு? நெஞ்சு அடைப்பதை ஒரு முறை டாக்டரிடம் காட்டி இசிஜி எடுத்துவிடுங்கள், பயம்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. வெள்ளம் கனவில் திரும்பத் திரும்ப வந்தால் 14416க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையைக் கட்டும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்கு ராத்திரி நீங்கள் எங்கே நின்றீர்கள், எதைத் தூக்கினீர்கள், எது போனது என்று முழுசாகச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் அதைக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.