ரூபன்ஸ் ஓவியத்தில் பவுலின் வாள் ஏன் இடக்கையில்?

ஒரு நூலின் தலைப்புப் பக்கத்துக்காக ஓவியர் ரூபன்ஸ் வரைந்ததாகச் சொல்லப்படும் கோட்டோவியம் போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். வாள் எந்தக் கையில் என்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோட்டோவியத்தில் திருத்தூதர் பவுல் இடக்கையில் வாள் பிடித்திருக்கிறார், அச்சான பக்கத்தில் அது வலக்கைக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். செப்புத் தகட்டில் செதுக்கியதைத் தாளில் அழுத்தினால் இடம் வலமாகத்தான் விழும், அதனால் அச்சில் சரியாக வரட்டும் என்று வேண்டுமென்றே திருப்பி வரைந்திருக்கலாம்.

நூல்களுக்குத் தலைப்புப் பக்கம் வரைவது ரூபன்ஸுக்கு நன்றாகவே பழக்கம். இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிளான்டின் அச்சகத்தை நடத்திய பால்தசார் மொரேட்டஸ் அவருடைய பள்ளித் தோழர். 6 மாதம் முன்பே சொல்லிவைத்தால் ரூபன்ஸ் விடுமுறை நாட்களில் வரைந்து தருவார் என்று மொரேட்டஸே எழுதியிருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

சரி, இப்படிப் பாருங்கள்:

1. கோட்டோவியத்தின் போட்டோவைக் கைபேசியில் இடவலமாகத் திருப்பி, அச்சுப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அளவும் ஒத்துப்போகிறதா?

2. அசல் தாளைப் பார்க்க முடிந்தால் பக்கவாட்டில் விளக்கைப் பிடியுங்கள். தகட்டுக்கு மாற்றக் கோடுகளின் மேல் ஊசியால் அழுத்திய பள்ளம் தெரியலாம்.

ஆனால் இவை பொருந்தினாலும் ரூபன்ஸ் வரைந்ததுதான் என்பதற்குச் சான்று ஆகாது, செதுக்குபவரும் திருப்பி வரைந்திருக்கலாம். கோட்டோவியம் அச்சின் திசையிலேயே, ஒவ்வொரு நிழல்கோடும் அப்படியே இருந்தால்தான், அச்சைப் பார்த்து வரைந்த நகலோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், தேடும்போது அட்டைப்படம் என்று தேடாதீர்கள், இவை உள்ளே வரும் தலைப்புப் பக்கங்கள்.