ஒரு நாள் ஓடாவிட்டால் பலம் குறைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 42. வேளச்சேரியில் வசிக்கிறேன். ஜனவரியில் முதல் முறையாக முழு மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். நான்கு மாதங்களாக வாரத்தில் ஏழு நாளும் ஓடுகிறேன். ஞாயிறன்று ஈசிஆரில் 25 கிலோமீட்டர். இரண்டு வாரமாக இடது கணைக்காலில் வலி, வேகமும் குறைகிறது. ஒரு நாள் விட்டால் இத்தனை நாள் உழைப்பும் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆகாது. ஒரு வாரம் முழுக்க ஓடாமல் இருந்தாலும் உங்கள் இதயமும் நுரையீரலும் சேர்த்த திறன் பெரிதாகக் குறையாது. வாரத்துக்கு ஒரு நாள் கணக்கிலேயே வராது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூச்சும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கு அந்த அவசரம் கிடையாது. நம் ஊரில் சாலை போடுவதற்கு முன் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போவார்களே, எலும்பும் அப்படித்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. தேய்ந்த பகுதியைச் சுரண்டி எடுக்க இரண்டு மூன்று வாரம். புதிதாக நிரப்பி இறுக ஏறத்தாழ மூன்று மாதம். இடையில் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். நீங்கள் தினமும் அதன்மேல் லாரி விடுகிறீர்கள். மூச்சு வாங்காததால் உடல் தயார் என்று நம்புகிறவர்களுக்குத்தான் கணைக்கால் எலும்பில் மயிரிழைக் கீறல் விழுகிறது.

இன்று ஒன்று செய்து பாருங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலை மெல்ல அழுத்தியபடி முழங்காலிலிருந்து கீழே கொண்டுபோங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை எலும்போடு ஒட்டும் இடத்து எரிச்சல். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் வலித்தாலோ, இரவிலும் வலித்தாலோ கீறலாக இருக்கலாம். எப்படியானாலும், இரண்டு வாரம் நீடித்த வலி என்பதால் எலும்பு மருத்துவரைப் பார்க்கும்வரை ஓடாதீர்கள். கீறல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஷூ மாட்டிவிடவும் வேண்டாம்.

வேகம் குறைவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். 25 கிலோமீட்டர் ஓடினால் தசையில் எரிபொருளாகச் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து பெருமளவு தீர்ந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டாலும் அது நிரம்ப ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். "ஓடாத நாளில் எதற்குச் சோறு?" என்று தயிர்சாதத்தைத் தள்ளிவைப்பவர்கள் நிறையப் பேர். அன்றுதான் அது வேண்டும், கூடவே முட்டையோ பருப்போ. சென்னையின் ஈரக் காற்றையும் மறக்காதீர்கள். வியர்வை காயாமல் வழிந்தோடுவதால் உடல் குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும். ஊட்டியில் ஓடுகிறவரின் அட்டவணையை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வது நமக்குச் சரிவராது.

மருத்துவர் அனுமதித்த பிறகு தூரத்தைக் குறைத்துத் தொடங்கி, திங்கள் முழு ஓய்வு, வியாழன் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஓய்வு என்றால் பேட்மின்டன் அல்ல. அந்தக் குதிப்பும் அதே எலும்பில்தான் இறங்கும். பால் வாங்கக் கடைவரை நடந்தால் போதும்.

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு அதிகமாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றும் ஓட வேண்டாம். குழுவில் நண்பர்கள் விடியற்காலை நாலரைக்கே படம் போட்டு அழைப்பார்கள். போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஜனவரி வந்தும் வலி தீரவில்லையென்றால், பதிவுக் கட்டணம் போனால் போகட்டும். டி-ஷர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.